மேல்வீட்டில் வேர், கீழ்வீட்டில் காய்

மதாம்,

இன்று காலை தக்காளிச் செடியில் பக்கக் கிளைகளைக் கிள்ளினேன். கையைக் கழுவிய பிறகும் விரலில் அந்தப் பச்சை வாசனை போகவில்லை. உங்களுக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது.

கருவடிக்குப்பத்தில் உங்கள் கீழ்வீட்டுக்கு நான் குடிவந்தபோது என் கணவர் இறந்து ஆறு மாதம். வேலைக்குப் போவேன், வந்து கதவைச் சாத்திக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருடைய சட்டைகளைத் துவைத்து பால்கனியில் காயப்போடுவேன். யாரும் உடுத்தாத சட்டைகள். ஒரு ஞாயிறு, உங்கள் பால்கனியிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டி வெள்ளைச் சட்டை ஒன்று பாழானது. அதைக் கையில் எடுத்துக்கொண்டே சண்டைக்குப் படியேறினேன்.

"பர்தோன்மா, மன்னிச்சிக்க" என்றீர்கள். "குடு, நானே தொவைச்சித் தர்றேன். வூட்டுக்காரர் கோவிச்சுக்குவாரா?"

"அவரு இல்ல மதாம்."

சட்டையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். இல்லாதவர் சட்டையை ஏன் துவைக்கிறாய் என்று கேட்கவில்லை. பால்கனிக்குக் கூட்டிப்போனீர்கள். வெளிப்பக்கக் கம்பியில் கொக்கி போட்டுப் பழைய பெயின்ட் வாளிகள் தொங்கின. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஓட்டை. அதன் வழியே தக்காளிச் செடி தலைகீழாக வெளியே வந்து, வெயிலைத் தேடி நுனியை மேலே வளைத்திருந்தது.

"இடுப்புல ஆப்ரேஷன், குனிய முடியல. பிரான்ஸ்ல இருந்தப்ப பக்கத்து வூட்ல இப்பிடித் தொங்க வுட்டுப் பாத்திருக்கேன்."

இரண்டு நாள் கழித்து, அந்த இடுப்போடு படியிறங்கி, இஸ்திரி போட்ட சட்டையைக் கொண்டுவந்தீர்கள். "கறை போவல" என்று மறைக்காமல் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு மண் நிரப்பவும் வாளியைத் தூக்கி மாட்டவும் நான் மேலே வர ஆரம்பித்தேன். காய் பிடிக்கப் பிடிக்கச் செடி கனத்தில் இறங்கி என் பால்கனிக்கே வந்துவிட்டது. மேலிருந்து குரல் கொடுப்பீர்கள்: "செவந்துடுச்சா பாரு. பறிச்சி ரசம் வையி. எனக்கும் ஒரு டம்ளர்." எனக்கென்று அடுப்பு மூட்ட மனமில்லாமல் இருந்தவள், உங்களுக்காக ரசம் வைத்தேன். பிறகு நானும் சாப்பிட்டேன்.

அடுத்த முறை நாற்று வைக்கும்போது, தண்டு நழுவாமல் ஓட்டையில் சுற்ற மெல்லிய துணி கேட்டீர்கள். நான் கீழே போய் அந்தக் கறைபட்ட சட்டையை எடுத்துவந்தேன்.

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சிட்டேன் மதாம்."

கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தீர்கள். வெட்டும்போது அழுதேன். நாற்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் காத்திருந்தீர்கள். அடுத்த ஞாயிறு நான் எந்தச் சட்டையையும் துவைக்கவில்லை.

போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். பிரான்ஸிலிருந்து உங்கள் மகன் வந்தார். அடக்கம் முடிந்து வெறும் வீட்டில் உட்கார்ந்திருந்தவரைக் கீழே அழைத்துவந்து சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அம்மா போன்ல ஒங்களப் பத்திதான் பேசுவாங்க. கீழ்வூட்ல எனக்கொரு தங்கச்சி இருக்கா, நீ கவலப்படாதன்னு சொல்லுவாங்க."

என்னிடம் ஒருநாளும் நீங்கள் அப்படிச் சொன்னதில்லை. நானும் கடைசிவரை மதாம் என்றுதான் கூப்பிட்டேன்.

உங்கள் வாளிகள் நான்கும் இப்போது என் பால்கனியில் இருக்கின்றன. கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் இல்லை என்பேன். இப்போது, ஓர் அக்கா இருந்தார் என்கிறேன்.