சரவிளக்கின் எதிர்ப் பக்கம்

கோபக்காரருக்கு,

உங்க தங்கச்சி வீட்டுச் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்குதா? இங்கே எனக்கு ஒண்ணும் குறையில்லை.

அந்த மாளிகை வேலையை நான் தனியாவே ஒத்துக்கிட்டேன். மாடிக் கூடத்துல தொங்குதே, பழைய இத்தாலியக் கண்ணாடிச் சரவிளக்கு, அதுதான். கழற்றித் துடைக்கிற வரைக்கும் சுலபமாத்தான் இருந்தது. திரும்ப மாட்டும்போது, சுத்தி நீட்டிக்கிட்டிருக்கிற கண்ணாடிக் கைகள்ல முதல் கையைச் செருகினதுமே விளக்கு ஒரு பக்கமாச் சாய்ஞ்சிடுச்சு. நாம ரெண்டு ஏணியில எதிரும் புதிருமா நின்னு, நான் 'ம்' சொன்னதும் ஒரே நேரத்துல செருகுவோம் இல்லையா? பழக்கதோஷம், 'ம்'னு சொல்லிட்டேன். கூடத்துல என் குரல்தான் திரும்பி வந்தது.

வீட்டுக்கார அம்மா, "உங்க வீட்டுக்காரர் வரலையா?"ன்னு கேட்டாங்க. உங்களுக்குச் சளின்னு சொல்லிவெச்சேன். யாராவது விசாரிச்சா கொஞ்சம் இருமுங்க.

இப்போ இந்தப் பக்கம் ஒரு கையை மாட்டும்போது, எதிர்ப் பக்கம் அதே எடைக்கு மணல் பை ஒண்ணு கட்டுறேன். உங்களை விட ஆடாம அசையாம நிக்குது. கீழ்வரிசை முடிஞ்சது, மேல்வரிசை பாக்கி. உங்க ஏணி அங்கேயேதான் இருக்கு.

பைகிட்ட ஒரே ஒரு குறைதான். நான் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேச மாட்டேங்குது.

உங்கள்
எதிர் ஏணிக்காரி