முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவில்

இன்று காலை நம் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், உங்கள் அம்மா, உங்கள் தம்பி மாணிக்கம், மீன்பிடிச் சம்பான் படகுக்காரர் ஹசான். ஹசான் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். மாணிக்கம் ஆணியில் தொங்கிய உங்கள் மழைக்கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தான். டீசலும் உப்புத் தண்ணீரும் கலந்த உங்கள் வாடை வீடு முழுக்கப் பரவியது. "கழட்டுடா அதை!" என்று அம்மா கத்தினார்கள்.

நீங்கள் பார்த்த லாஞ்சுப் படகு வேலைக்கு அவனைக் கூப்பிடுகிறார்கள்.

கல்யாணமான புதிதில் என்னைச் சிலேத்தார் விமானத் தளத்துக் கரைக்கு அழைத்துப் போனீர்களே. கடல் விமானம் தாழப் பறந்து வந்தது, இறங்காமலே போய்விட்டது. "அவ்வளவுதானா?" என்றேன். "முதல் தடவை தண்ணியைப் பார்க்க வருது. ரெண்டாவது தடவைதான் உட்கார வரும். நான் உன்னைப் பொண்ணு பார்த்துட்டுப் போய், அப்புறம் மாலையோட வரலையா?" என்று சிரித்தீர்கள்.

விமானம் இறங்குமுன் மீன்பிடிப் படகுகளை ஓரம் கட்டுவது உங்கள் வேலை. "போங்க போங்கன்னு கையை ஆட்டுறேன். சலாம்னு நெனச்சு அவங்களும் ஆட்டுறாங்க" என்று அலுத்துக்கொள்வீர்கள். ஆனாலும் யாரையும் அதட்டியதில்லை. "அவங்க தாத்தா காலத்துத் தண்ணி. நாமதான் நடுவுல வந்தோம்" என்பீர்கள்.

தைப்பூசத்துக்கு முந்திய வாரம் ஹசானும் நான் நினைத்த மாதிரியேதான் நினைத்திருக்கிறார். விமானம் தலைக்கு மேலே போய்விட்டது, இனி வராது என்று வலையை எடுக்க நடுவே துடுப்புப் போட்டார். நீங்கள் பாய்ந்து போய் அவர் சம்பானை இழுத்து வெளியே விட்டீர்கள். லாஞ்சைத் திருப்புவதற்குள் விமானம் உங்கள் மேலேயே இறங்கிவிட்டது.

அந்த ஹசான்தான் இன்று கும்பிடாத குறையாக நின்றார். உங்கள் இடத்தில் தற்காலிகமாகப் போட்ட புது ஆள் விசில் ஊதுகிறாராம், இங்கிலீஷில் கத்துகிறாராம், சம்பான்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லையாம். நேற்று அவர் மருமகன் மயிரிழையில் தப்பியிருக்கிறான். "இந்தத் தம்பிக்கு எங்கள் பேச்சு தெரியும், அனுப்புங்கள்" என்று மலாயில் கெஞ்சினார்.

"ஒரு புள்ளையைத் தண்ணிக்குக் கொடுத்தது போதாதா? இன்னொண்ணு கேக்க வந்துட்டாரு!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள்.

மாணிக்கம் என்னைப் பார்த்தான். "அண்ணி, நீங்க சொன்னா போறேன். வேணாம்னா விட்டுடறேன்லா. நாளைக்குள்ள சொல்லணும்."

போ என்று சொல்லி அவனுக்கு ஏதாவது ஆனால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? வேண்டாம் என்று சொல்லி அந்த மருமகன் போய்விட்டால், ஹசானின் மகளும் என்னைப் போலத்தானே உட்காருவாள்? வீட்டுக் கணக்கை ஒரு நாளும் தவறவிடாதவள் நான். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் இதற்கு விடை வரவில்லை.

சாயங்காலம் சிராங்கூன் ரோட்டு அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் போகட்டும், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். வெள்ளை வந்தது. மனசு கேட்காமல் மறுபடி எடுத்தேன். சிவப்பு வந்தது. தாயே, இப்படியும் சோதிப்பாயா!

இப்போதெல்லாம் எந்த விமானம் வீட்டுக்கு மேலே போனாலும், சத்தம் அடங்கிய பிறகும் திரும்பி வருமே என்று செய்த வேலையை அப்படியே விட்டுவிட்டு நிற்கிறேன்.

பொழுது விடிந்தால் மாணிக்கம் வந்து கேட்பான். அவனை அனுப்பவா, வேண்டாமா? கனவிலாவது வந்து சொல்லுங்கள். சீக்கிரம் பதில் வேண்டும் எனக்கு.