இடம் பிடிக்கப் போன பை

நாள் 212. காலை 6.10
செவ்வாய், மூன்றாம் குடியிருப்பு. எழுதுவது ஆவுடைத்தாய், கீரைக்கூடப் பொறுப்பு. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. மகள் மங்கைக்கு எட்டாம் மாதம். எச்.ஐ.வி. மாத்திரை விழுங்கினாள். ரத்தச் சோதனையில் கிருமி தென்படவில்லை. மாத்திரை தவறாமல் இருந்தால் பிள்ளைக்குத் தொற்றாமல் காப்பாற்றிவிடலாம். கம்பங்கூழ் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள், என் மகளாச்சே.

நாள் 219. மதியம் 2.40
புழுதிப் புயல் வருகிறது. எல்லோரும் மேலே சுற்றும் கப்பலுக்குப் போக வேண்டும். ஓடம் இரண்டு நடை அடிக்கும். மருமகன் கோதண்டம் வானொலிக்காரன். முதல் நடையில் ஏறினான். இரண்டாம் நடைக்கு நானும் மங்கையும் மட்டும்தான் பாக்கி.
“அத்தை, அப்புறம் படுக்க இடம் கிடைக்காது. நான் முன்னாடி போய்ப் பிடிச்சு வைக்கிறேன். அந்தப் பையைக் குடுங்க, போட்டு வைக்க.”
பஸ் ஜன்னலில் துண்டு போட்டே பழகிய கை. கொடுத்துவிட்டேன். மாத்திரை, பிறக்கும் பிள்ளைக்கான மருந்து, எல்லாம் அதில்தான். பக்கத்து அறைக்காரர்கள் படித்துவிடக் கூடாதென்று புட்டிகளின் லேபிளை அவனேதான் முன்பு கிழித்திருந்தான்.

நாள் 220. காலை 7.05
ஓடம் வரவில்லை. வானொலியில் கூப்பிட்டேன். கோதண்டம்தான் எடுத்தான்.
“ஏறுற எல்லாருக்கும் ரத்தம் எடுக்குறாங்க அத்தை. மங்கை வந்தா விஷயம் வெளிய வந்துரும். நீங்க வரலைன்னு கேப்டன்கிட்ட சொல்லிட்டேன்.”
“பையையாவது இறக்குங்க மாப்பிள்ளை.”
“லேபிள் இல்லாத மருந்தை வெளிய வீசச் சொன்னாங்க. யாருதுன்னு கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன்.”
மங்கை பக்கத்தில்தான் நின்றாள். “அவருக்கு ஜன்னலோர இடமாம்மா?” என்று கேட்டாள். 

நாள் 238
புயல். விளக்கு பாதிதான். தினமும் கேப்டனைக் கூப்பிடுகிறேன். மேலே வானொலியை எடுப்பவன் கோதண்டம். என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறான். அவனுக்கு நான் மூன்று வருடம் சோறு போட்டேன். மாத்திரை இல்லாத உடம்பில் கிருமி பெருகிக்கொண்டிருக்கும்.

நாள் 251
வானொலியில் கோதண்டம். பூமிக்குப் பேசுகிறான். “புயலில் இறந்துபோன என் மனைவி மங்கைக்கும் அத்தைக்கும்...” அழுகிறான். நன்றாகவே அழுகிறான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே இவளுக்கு வலி எடுத்துவிட்டது.

நேரம் தெரியவில்லை
பெண். தொப்புள்கொடி அறுத்தேன். நல்ல சத்தம். மங்கைக்கு ரத்தம் நிற்கவில்லை. சில மணி நேரத்துக்குள் பிள்ளைக்கு மருந்து விழ வேண்டும்.
இதைப் படிக்கிறவர்களே, செத்தவர்கள் வீடென்று தட்டாமல் போய்விடாதீர்கள். உள்ளே மூன்று பேர் இரு