உங்களுடைய ஸ்கோன் அல்ல, அக்கா

அக்கா,

தோசைக்கல்லில் தூவிய மா சிவந்து கருகும் மணம் இந்த வீட்டை விட்டு இன்னும் போகவில்லை. ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருக்கிறேன். காலையில் உங்கள் மகன் வந்து ஸ்கோன் சுட்டுவிட்டுப் போனான். நீங்கள் போய்ச் சேர்ந்து ஆறு வாரமாகிறது. இத்தனை நாள் நான் உங்களுக்கு ஒரு வரி எழுதாமல் இருந்தது துக்கத்தால் அல்ல. கோபத்தால்.

நாம் சந்தித்தது இந்த நாட்டில் உங்கள் முதல் குளிர்காலத்தில். இந்தியக் கடையில் மிச்சமிருந்த ஒரே உளுந்துப் பைக்கு இருவரும் கை நீட்டினோம். "நீங்க யாழ்ப்பாணமா? பேச்சே பாட்டு மாதிரி இருக்கு" என்று சிரித்தீர்கள். உளுந்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், என் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டீர்கள். இரண்டு வாரத்தில் அழைப்பு வந்தது. உங்கள் கணவரின் அலுவலகத்தார் வீட்டுக்கு வரப்போகிறார்கள். "வெள்ளைக்காரங்க வாயில வைக்கிற மாதிரி ஏதாவது ஒண்ணு சொல்லிக் குடும்மா. இல்லன்னா என் மானமே போயிடும்."

அப்போது நான் ஒனிஹங்காவில் ஒரு ஸ்காட்லாந்து அம்மாவின் வீட்டில் பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். தேநீரோடு தின்னும் மெத்தென்ற ஸ்கோனை அவர் வீட்டு வழக்கப்படி ஓவனில் வைப்பதில்லை, தட்டையான இரும்புக் கல்லில்தான் சுட வேண்டும். அந்தக் கல் அவரிடம் இல்லாததால் என் தோசைக்கல்லைக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. அதே கல்லைப் பையில் போட்டுக்கொண்டு, ரயில் மாறி, தகனினியில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். தோள் இரண்டு நாள் வலித்தது.

மாவில் மோர் ஊற்றியதுதான் தாமதம், சப்பாத்திக்குப் பிசைவதுபோல் ஓங்கிப் பிசைந்தீர்கள். "அக்கா, விடுங்கோ! இது ரொட்டி மா இல்லை. கை பட்டும் படாமலும் கூட்டிவிட வேணும், இல்லையெண்டால் செருப்பு மாதிரி வரும்" என்று கத்தினேன். வட்டமாகத் தட்டி, நாலாக வெட்டி, மா தூவிய கல்லில் போட்டோம். நான் திரும்புவதற்குள் கரண்டியால் சுற்றிவர நல்லெண்ணெய் விட்டுவிட்டீர்கள். "எண்ணெய் விடாம கல்லுல இருந்து எப்படிடி எடுக்கிறது?" வீடு முழுக்க நல்லெண்ணெய் மணம். சிரித்துச் சிரித்து இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. அதன் பிறகு எத்தனை சனிக்கிழமைகள் அந்த அடுப்படியில் நின்றிருப்போம்!

ஒருமுறை பாட்டனி டவுன்ஸ் கடைத்தொகுதியில் உங்கள் சிநேகிதிகள் எதிரே வந்தார்கள். "இவங்க தெரிஞ்சவங்க" என்று என்னைக் காட்டிவிட்டு நடையைக் கட்டினீர்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பெரிதுபடுத்தவில்லை. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் இறுதிச் சடங்கில், ஆஸ்பத்திரியில் இருந்தபோது உங்கள் வாழ்க்கையைப் பற்றி நீங்கள் எழுதி வைத்ததை மகன் ஆங்கிலத்தில் வாசித்தான். இந்த நாட்டில் உங்களுக்கென்று ஒருவருமே இல்லாத முதல் குளிர்காலத்தில், தனியாக நின்று, தோசைக்கல்லில் ஸ்கோன் சுடும் வித்தையை நீங்களே கண்டுபிடித்தீர்களாம். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். மடியில் நான் சுட்ட ஸ்கோன் தட்டு. பிறகு தேநீர் நேரத்தில் உங்கள் சிநேகிதி ஒருத்தி ஒரு கடி கடித்துவிட்டு, "அப்படியே அவங்க கைப்பக்குவம்! அவங்ககிட்ட கத்துக்கிட்டீங்களா?" என்றாள். செத்தவீட்டில் வழக்குப் பேச முடியுமா? "ஓம்" என்றேன்.

கேட்டிருந்தால் ஸ்கோனையும் தந்திருப்பேன், அதைக் கண்டுபிடித்த பேரையும் தந்திருப்பேன். ஒருவருமே இல்லை என்று எப்படி அக்கா எழுத மனம் வந்தது? அதை எழுதிய வாரம் முழுக்க உங்கள் கட்டிலருகே இருந்து கால் பிடித்துவிட்டது நான்.

அம்மாவின் ஸ்கோனைச் சொல்லித் தரும்படி கேட்டு இன்றைக்கு உங்கள் மகன் வந்தான். நான் எப்போது அம்மாவிடம் இதைப் பழகினேன் என்று என்னைக் கேட்டான். வாயை அடக்க முடியவில்லை. "தம்பி, உங்கட அம்மாவுக்குப் பழக்கினதே நான்தான். அந்த முதல் வின்டரிலயே" என்றேன்.

அவன் மாவிலிருந்து கையை எடுத்துவிட்டான். அப்படியானால் ஒருவரும் இல்லை என்று அம்மா ஏன் எழுதினார் என்று ஆங்கிலத்தில், மெல்லக் கேட்டான். அவன் முகத்தைப் பார்த்தேன். தாய் பொய் சொல்லியிருப்பாள் என்று ஒரு நாளும் நினைத்திராத முகம்.

"வருத்தம் கூடி ஆஸ்பத்திரியில கிடந்த நேரம் எழுதினது, தம்பி. மறந்திருப்பா."

நம்பிவிட்டான். நிம்மதியாகச் சிரித்து, சுட்டதில் பாதியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனான். அடுத்த சனிக்கிழமையும் வருவானாம்.

நீங்கள் எதையும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவன் கண்ணில் உங்களை நல்லவளாக வைத்திருக்கும் வேலை இனி என்னுடையது. அதைச் செய்வேன், அக்கா. உங்களை மன்னிக்காமலே செய்வேன்.