மேற்கே இறங்கிய ஓடை

நேற்றுக் காலை உன் மனைவி ஒரு துணிக்கடைப் பையில் உன் மலை பூட்ஸைக் கொண்டுவந்து புதுச்சேரி சாரத்தில் என் வீட்டு வாசலில் வைத்தாள். பையைத் திறந்ததும் மூக்குப்பொடி வாசம். அட்டை ஏறாமலிருக்க சாக்ஸிலும் பூட்ஸின் உள்பக்கத்திலும் மூக்குப்பொடியைத் தேய்ப்பாயே, அதே வாசம். நீ செத்துப் பதினெட்டு நாளாகிறது. அது மட்டும் இன்னும் போகவில்லை.

“உங்க ரெண்டு பேருக்கும் ஒரே சைஸுதானே அண்ணா. வீட்ல வச்சிருந்தா பாத்து பாத்து அழுதுக்கிட்டேதான் இருப்பேன். நீங்க போட்டுக்குங்க” என்றாள். பிறகு, “நாளைக்கு ஸ்கூல்ல இரங்கல் கூட்டம். நீங்கதான் பேசணும்னு எச்.எம். சொன்னாரு. அந்த மலைக்கதைய சொல்லுங்க அண்ணா. அவருக்கு ரொம்பப் புடிச்ச கதை” என்றாள்.

பிடிக்காமல் என்ன? அந்தக் கதையில் முட்டாள் நானல்லவா. பதினெட்டு வருஷமாக ஆசிரியர் அறையிலும் கல்யாணப் பந்திகளிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் நீ அதைச் சொல்லாத இடமில்லை. இப்போது நீ இல்லை. உண்மையில் என்ன நடந்தது என்று நான் சொன்னால் மறுக்க ஆளில்லை. நேற்று முழுவதும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்வதா, வேண்டாமா?

செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்பார்கள். இன்று கூட்டத்தில் அதைச் செய்து முடித்துவிட்டேன். இங்கே அது தேவையில்லை. உன்னை எனக்குப் பிடிக்காது. நீ பி.டி. மாஸ்டர், நான் புவியியல் ஆசிரியர். நீ மைதானத்தில் நடந்தால் பின்னால் நாற்பது பேர் வருவார்கள். நான் வகுப்பில் நடந்தால் நாற்பது பேர் தூங்குவார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த உன் அப்பாவிடமிருந்து உனக்கு வந்தது ஒரே ஒரு சொல். ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கி வைக்க எல்லாரும் ‘கோ’ என்பார்கள், நீ “அலே!” என்பாய். அந்த ஒரு சொல்லுக்கே பள்ளிக்கூடம் உன்மேல் மயங்கிக் கிடந்தது.

ஒவ்வொரு மே மாதமும் இரண்டு மூன்று ஆசிரியர்களை இழுத்துக்கொண்டு மலைக்குப் போவாய். அந்த வருஷம் மற்றவர்கள் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்கள். நான் மட்டும் வந்தேன். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறிய பஸ்ஸில் நீ ஜன்னலோரம், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

மலை நன்றாக இருந்தது. அதை மறுக்க மாட்டேன். நம் ஊரில் மே மாதக் காற்று ஈரத்துண்டு மாதிரி முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, அங்கே காலை பத்து மணிக்கு ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தோம். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஏரி அசையாமல் கிடந்தது. அக்கரையில் காட்டுமாடுகள் பாறைகளைப் போல நின்றன. ஒன்று தலையைத் தூக்கிய பிறகுதான் அவை மாடுகள் என்றே தெரிந்தது. சோலைக்குள்ளிருந்து கருமந்திகள் எதையோ எச்சரிப்பதைப் போலக் கத்தின. கடைசி ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. என் பையை நீ வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாய். வாங்கினாய் என்பதுகூடத் தவறு, பிடுங்கினாய். “குடுடா, நெஞ்சப் புடிச்சிக்கிட்டு வரவனுக்கு பை ஒரு கேடா?” என்றாய்.

முந்தின நாள் சாயங்காலம் எஸ்டேட் டீக்கடையில் தோட்டத் தொழிலாளிகள் முன்னால் என்னைப்போல் நடித்துக் காட்டினாய். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இல்லாத கரும்பலகையைப் பார்த்து, “மாணவர்களே, காற்று எத்தனை வகைப்படும்?” என்றாய். கடையே சிரித்தது. அதிகம் சிரித்தவன் செல்லையா. மறுநாள் நமக்கு வழிகாட்டியாக வந்த எஸ்டேட் ஆள்.

அந்தச் செல்லையாவைத்தான் மலை முகட்டில் நீ திருப்பி அனுப்பினாய்.

“நீ போய்யா. இனிமே நாங்க பாத்துக்கறோம். எங்ககிட்ட ஜியாகிரபி எம்.ஏ. இருக்காரு.”

அவன் தயங்கினான். “மஞ்சு எறங்குச்சுன்னா இருந்த எடத்துலயே உக்காந்துருங்க சார். எங்கிட்டும் எறங்கிறாதீங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“சரி சரி” என்று கையை ஆட்டினாய்.

மத்தியானம் மஞ்சு இறங்கியது. அந்த மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் புல்லும் இல்லை, மரமும் இல்லை. செல்லையா சொன்னபடி உட்கார்ந்திருக்கலாம். ஆனால் உட்காருவது உன் வழக்கமில்லையே. கொஞ்ச தூரம் தடவி நடந்ததும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஒரு சின்ன ஓடை.

“தண்ணி எங்க போவும்? கடலுக்குத்தான போவும்? கடல் எங்க இருக்குது? கிழக்கால. தமிழ்நாடும் கிழக்காலதான். ஓடையப் புடிச்சு எறங்கினா ஊரு வந்துடும். அலே!”

நம் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. புதுச்சேரியில் எந்தத் தெருவில் வழி தவறினாலும் உப்புக்காற்று வரும் பக்கம் நடந்தால் பீச் ரோடு வந்துவிடும். சாக்கடை முதல் பெரிய வாய்க்கால் வரை எல்லாம் ஒரே திசையில்தான் ஓடும். நமக்குக் கடல் என்றால் கிழக்கு. அந்த மலையின் மறுபக்கத்து மழையெல்லாம் பெரியாற்றில் விழுந்து வேறொரு கடலுக்குப் போகிறது என்பதை ஒன்பதாம் வகுப்பில் வருஷா வருஷம் நான் நடத்துகிறேன். பாடத்தில் அது இரண்டே வரி.

“இல்லடா, அந்த ஓடை...” என்று ஆரம்பித்தேன்.

“வாத்தியாரே, லீவுல கூடவா கிளாஸு? வாய மூடிக்கிட்டு வா.”

மூடிக்கொண்டேன்.

ஐந்து நிமிஷம் மூடியிருந்தால் கோபம் என்று விட்டுவிடலாம். நான் இரண்டு மணி நேரம் மூடியிருந்தேன். மூன்று மணிவாக்கில் மஞ்சு கொஞ்சம் மெலிந்து, வெளிச்சம் நம் முகத்துக்கு நேராக வந்தது. பிற்பகலில் சூரியன் எதிரே இருந்தால் போகிற திசை எது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். நீ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். மகிழ்ச்சியாக இருந்தது. இவன் போய்க் கேரளத்தில் நிற்கட்டும், யாரோ ஒரு மலையாளத்துக் காவலன் வழிமறித்து எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கட்டும், இவன் திருதிருவென்று விழிக்கட்டும், அப்புறம் நான் பாடம் எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே உன் பின்னால் நடந்தேன். அதற்கு மேல் எதையும் நான் விரும்பவில்லை. இதை நீ நம்ப வேண்டுமென்றுகூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் பாசிப் பாறையில் நீ வழுக்கினாய். காய்ந்த தென்னை மட்டை ஒடிகிற சத்தம். நீ கத்தவில்லை. “டேய், கால் திரும்பியிருக்குது பாரு” என்றாய், வேறு யாருடைய காலையோ காட்டுவதைப் போல. இடது முழங்காலுக்குக் கீழே எல்லாம் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கொடுத்தாய். “மேல போய் ஆளக் கூட்டியா. ஊதிக்கிட்டே போ. சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்.”

கொஞ்ச தூரம் ஊதினேன். பிறகு நிறுத்திவிட்டேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. காரணம் அதுதானா என்று என்னைக் கேட்காதே.

வந்த ஓடையை விடாமல் பிடித்து முகட்டுக்கு ஏறினேன். மஞ்சைப் பார்த்துப் பயந்துபோய்ச் செல்லையா தானாகவே மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு தேடி வந்திருந்தான். “மலையாளத்துப் பக்கம் போற ஓடையில கெடக்கான்” என்று சொன்னேன். கம்பளியையும் இரண்டு கழிகளையும் கட்டி உன்னைத் தூக்கி வந்தார்கள். வழியில் செல்லையா மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னான்: “சாரு கரெக்டா சொல்லிட்டாப்புல, மலையாளத்து ஓடைன்னு. இல்லேன்னா இந்த மஞ்சுல நாம எங்கிட்டுப் போயித் தேடுறது?”

உன் கண்கள் மூடியிருந்தன. மயங்கிவிட்டாய் என்று நினைத்தேன்.

உன் முழங்கால் அதன் பிறகு முழுதாக மடங்கவே இல்லை. மைதானத்து ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதுகிற பி.டி. மாஸ்டர் ஆனாய். கட்டுப் போட்ட காலோடு பள்ளிக்கு வந்த முதல் நாளே ஆசிரியர் அறையில் கதையைத் தொடங்கிவிட்டாய். “ஜியாகிரபி எம்.ஏ. முன்னாடி போறாரு, நான் நம்பிப் பின்னாடி போறேன். பாத்தா கேரளா வந்துடுச்சு! ஐயாவுக்குக் கிழக்கு எது மேற்கு எதுன்னு தெரியல.” அறையே குலுங்கியது. அன்றைக்கு எனக்கு ‘காம்பஸ்’ என்று பேர் வைத்தாய். ஒரே மாதத்தில் பிள்ளைகள் வரை அது போய்விட்டது. என் சொந்தப் பேரைப் பள்ளியில் யாராவது சொல்லிப் பதினெட்டு வருஷமாகிறது. திசைகள் பாடம் வந்தால் இன்றைக்கும் கடைசி பெஞ்சில் கிசுகிசு எழும்.

நீ சொன்னது பொய். முன்னால் போனவன் நீ. ஆனால் அந்தப் பொய்யை மறுக்க என்னிடம் இருந்த ஒரே உண்மை அதைவிட அசிங்கமானது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு உன்னை வெறுத்தேன். தன் முட்டாள்தனத்தை மறைக்க என் பேரை விற்றவன் என்று நினைத்தேன். நீ அந்தக் காலை இழுத்துக்கொண்டே அடுத்த மே மாதமும் மலைக்குப் போனாய். அதற்கடுத்த மே மாதமும். ஒரு முறைகூட என்னைக் கூப்பிடவில்லை. கடைசியில் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தாய். சாரத்திலிருந்து கோரிமேடு என்ன கடல் கடந்தா இருக்கிறது? நான் வரவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்த பிறகுதான் வந்து பார்த்தேன். அதிலும் கொஞ்சம் சிரிப்பது போலத்தான் இருந்தாய்.

நேற்று பூட்ஸை வைத்துவிட்டுக் கிளம்பும்போது உன் மனைவி கேட்டருகே நின்றாள். என்னைப் பார்க்காமல் கேட் கம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

“ஆஸ்பத்திரியில ஒருநாள் கேட்டேன் அண்ணா. ஏன் எப்பப் பாத்தாலும் அவர வச்சே சிரிக்கறீங்க, பாவம் இல்லையான்னு. அதுக்கு அவரு, அது தப்பான ஓடைன்னு அவனுக்கு மொதல்லயே தெரியும்டி, செல்லையா சொன்னத நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்னாரு. நெசத்த சொன்னா அவன் வேலையே போயிடும், மூஞ்சி குடுத்துப் பேச ஒருத்தன் இருக்க மாட்டான், அதான் சிரிக்கற மாதிரி மாத்திட்டேன்னாரு. ஆனா சும்மாவும் விட மாட்டேன்டின்னு சொல்லிட்டுச் சிரிச்சாரு.”

“நாளைக்கு வந்துடுங்க அண்ணா” என்று போய்விட்டாள்.

உனக்குத் தெரிந்திருந்தது. பதினெட்டு வருஷமும் தெரிந்திருந்தது. என்னைக் காப்பாற்றிய அதே கதையால் என்னை அடித்துக்கொண்டும் இருந்திருக்கிறாய். இதை மன்னிப்பு என்று யாராவது சொன்னால் அவர்கள் உன்னை அறியாதவர்கள். ஒரே ஒரு முறை தனியாகக் கூப்பிட்டு, “ஏன்டா சொல்லல?” என்று கேட்டிருந்தால் நான் செத்திருப்பேன், அல்லது மனிதனாகியிருப்பேன். நீ கேட்கவில்லை. கேட்காமலே தண்டனையைத் தொடங்கிவிட்டாய்.

இன்று மேடையேறினேன். உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். கழுத்தில் விசிலோடு எடுத்த படம். முன்வரிசையில் உன் மனைவி. அவள் மலைக்கதையைக் கேட்டது உனக்காக இல்லை என்பது மைக்கைப் பிடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துவிட்டு மடியில் கைகளை வைத்துக் காத்திருந்தாள்.

“நாங்க ரெண்டு பேரும் ஒருதடவை மேகமலைக்குப் போனோம்” என்று ஆரம்பித்தேன். கூட்டத்தில் அப்போதே சிரிப்பு எழுந்தது. “நான் முன்னாடி போனேன். அவரு என்னை நம்பிப் பின்னாடி வந்தாரு.” கேரளா வந்த இடத்தில் எச்.எம். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். உன்னைவிட நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். நீ நிறுத்துகிற இடங்களில் நிறுத்தினேன். கடைசியில் “அலே!” என்றேன், அதற்குக் கைத்தட்டலே விழுந்தது.

உன் மனைவி முதலில் எல்லாரோடும் சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். ஓடையோரம் வாய் திறக்காதவன் மேடையிலும் திறக்க மாட்டான் என்று அவளுக்கு இப்போது தெரியும். கூட்டம் கலைந்து வெளியே வரும்போது எதிரில் வந்தாள்.

“நல்லா பேசினீங்க சார்” என்றாள்.

இருபத்தைந்து வருஷமாக அவள் என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து உன் பூட்ஸைப் போட்டுப் பார்த்தேன். அளவு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலை நீ இழுத்து இழுத்து நடந்ததில் இடது பூட்ஸின் அடி ஒரு பக்கமாக வெட்டித் தேய்ந்திருக்கிறது. நேராக நடக்க எவ்வளவு முயன்றும் அது என்னை இடப்பக்கம் சாய்த்தது. கூடத்திலிருந்து வாசல் வரை உன்னைப்போலவே நொண்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். இன்னும் கழற்றவில்லை.