படிக்கப் போனவள் சொல்லட்டும்

வேலம்பாளையம்,
ஆடி மாதம், 2006.

என் தங்கை அனுசுயாவுக்கு அக்கா நாகஜோதி எழுதுவது.

இங்கே அப்பாவும் நானும் சுகம். அம்மா நடமாடிக்கொண்டிருக்கிறாள். உனக்கு விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? போனில் நீ இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய இந்த லைன் வீட்டில் எல்லார் காதும் நம் பக்கமே இருப்பதால் நானும் பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அறைத்தோழி எனக்குப் போன் செய்தாள். நீ வகுப்புக்குப் போவதில்லையாம். படிப்பை விட்டுவிட்டு இங்கே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு வரப்போகிறாயாம். அவள்மேல் கோபப்படாதே, பயந்துபோய்த்தான் சொன்னாள்.

ஆடி அமாவாசைக்கு உன் அண்ணன் முனீசுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். ஆற்றில் போனவனின் உடல் கிடைக்கவில்லை என்பதற்காக இப்படியே விட்டுவைக்கக் கூடாது என்று உசிலம்பட்டியிலிருந்து ராக்கையா மாமாவும் வந்து சொன்னார். நாங்கள் நான்கு பேரும் கொமரலிங்கம் போனோம். போன கார்த்திகையில் கம்பெனிக் கூட்டாளிகளோடு அவன் குளிக்க இறங்கிய அதே இடம். அன்று கரையைத் தொட்டு ஓடிய அமராவதியில் இப்போது முழங்கால் தண்ணீர்தான். பாறைகள் வெளியே தெரிகின்றன. அம்மா ஒவ்வொரு பாறை இடுக்கையும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

சடங்கு செய்பவர், இறந்தவர் பெயரைச் சொல்லுங்கள் என்றார். அப்பா சொல்வதற்குள் அம்மா அவர் வாயைப் பொத்திவிட்டாள்.

"அவன் இல்லேன்னு ஒங்க யாருக்குத் தெரியும்? படிக்கப் போனவ வந்து சொல்லட்டும். அவ சொன்னா நான் கேட்டுக்கிறேன்."

மாமா அதட்டிப் பார்த்தார். அப்பா அழுதார். எள்ளும் மாவும் வைத்த பையை அவிழ்க்காமலே பஸ் ஏறினோம்.

வீட்டில் அம்மா இன்னும் அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள். கதவுக்குத் தாழ் போடவிடுவதில்லை. சாயங்காலம் கம்பெனி வேன்கள் வரும் நேரத்தில் தெரு முக்கில் போய் நின்றுகொள்கிறாள். அன்று அவன் போட்டிருந்த பச்சைக் கோடு பனியன் உனக்கு நினைவிருக்கும். அச்சு கோணலாகிப்போய், ஏற்றுமதிக்கு ஆகாதென்று செகண்ட்ஸில் கழித்துவிட்டது. அதே பனியனைத்தான் இந்த ஏரியாவில் பாதிப் பேர் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். முதுகைப் பார்த்தால் எல்லாரும் அவன்தான். போன வாரம் ஒருவன் பின்னாலேயே அம்மா பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டாள். அவன் திரும்பினால் வடக்கத்திப் பையன். பாஷை தெரியாமல் அம்மாவின் கையைப் பிடித்து, விசாரித்து விசாரித்து வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனான்.

அந்தப் பச்சைக் கோடு பனியன் ஆர்டர் எங்கள் கம்பெனிக்கு மறுபடியும் வந்திருக்கிறது. நாள் முழுக்க அந்த முதுகைத்தான் நான் தைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு தையல் லைனுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன், ஷிப்மெண்ட் முடியட்டும் என்றார்கள்.

உன் படிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது நேற்று வந்த ஆசை இல்லை என்று எனக்குத் தெரியும். நான்காம் வகுப்பில், கண்ணை மூடிக்கொண்டால் தெரு இருக்குமா என்று கேட்டுக் கேட்டு அம்மாவிடம் அடி வாங்கினாய். முனீஸ்தான் உன்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் தெருவில் போய் நின்று, இருக்கு, இருக்கு என்று கத்தினான். நீ அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கேட்பது உன் சத்தம்தானே, தெரு எங்கே கேட்கிறது என்றாய். பி.எஸ்ஸி. கணிதம் முடித்து, தத்துவம் படிக்கப் போகிறேன் என்று நீ நின்றபோது, வீட்டுக்காரம்மா செல்லாத்தாள் அவனிடம், "அதைப் படிச்சா எந்தக் கம்பெனியிலங்க வேலை தருவாங்க?" என்று கேட்டார். அவன் சிரித்தான். "இவ கேக்குறதுக்குப் பதில் சொல்ல இங்க ஆளு இல்லீங்க. இருக்கிற எடத்துக்குப் போகட்டும்" என்றான்.

அவனை ஆற்றில் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா உன் தோளைப் பிடித்து, "நீ படிக்கிறதுல இதுக்கு ஒண்ணும் இல்லையாடி?" என்று கேட்டாள். அடுத்த மாதமே சென்னைக்குத் திரும்பிப் போனாய், பொங்கலுக்கும் வரவில்லை. அவள் உன்னைக் குத்திக்காட்டினாள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆற்றங்கரையில் அவள் பேசிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவள் நிஜமாகவே கேட்டிருக்கிறாள். கோடாங்கி குறி சொல்ல வந்தபோது அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். எது இருக்கு, எது இல்லை என்பதைத்தான் எங்கள் வீட்டில் ஒருத்தி படிக்கிறாள் என்று அவரிடமே சொன்னாள். பள்ளிக்கூடம் பார்க்காத நம் அம்மா ஒருத்திதான் இந்த ஊரிலேயே உன் படிப்பை நம்புகிறாள், அனு. நீ அதை விட்டுவிட்டு வந்து நின்றால் அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

அதனால் படிப்பை விடாதே. லீவு போட்டுவிட்டு ஒரு வாரம் வா. புத்தகத்தில் விடை தேடிக்கொண்டு வரவேண்டாம். அம்மா பக்கத்தில் உட்கார். உனக்குத் தெரிந்ததைச் சொல். தெரியவில்லை என்றால், தெரியவில்லை, இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல். உன் வாயால் சொன்னால் அவள் ஏற்றுக்கொள்வாள். அதற்குப் பிறகு அப்பா செய்ய வேண்டியதைச் செய்யட்டும்.

எனக்காக ஒன்று மட்டும் செய். அம்மாவிடம் எதைச் சொல்வதாக இருந்தாலும், நான் கம்பெனிக்குப் போன பிறகு சொல். நான் வீட்டில் இருக்கும்போது வேண்டாம். தெருவில் அந்தப் பனியனைப் பார்த்தால் நானும் முகத்தைப் பார்க்காமல் போவதில்லை; நீ சொல்வதை நான் கேட்க வேண்டாம்.

நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். ரயிலில் ஜன்னல் பக்கம் உட்காராதே. எந்த வண்டியில் வருகிறாய் என்று சொல், ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

உன் அக்கா,
நாகஜோதி