புதனும் சனியும் யாருக்கும் கிடையாது

மழைக்குக் கண்ணாடிகளை ஏற்றினால் வண்டிக்குள் மிளகு மணக்கிறது. இருக்கைத் துணிகளைக் கழற்றிக் கழுவிப் பார்த்தேன். போகவில்லை. பிறகு கழுவுவதை விட்டுவிட்டேன். இன்று காலை சாவியைத் திருகியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கூடவே அந்த மணமும் எழுந்தது. கொஞ்ச நேரம் வண்டியை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தேன். உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

நீ இந்த ஜீப்பை வாங்கியபோது யாருக்கும் பிடிக்கவில்லை. அலுவிகாரையில் உங்கள் வீட்டு வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. பெட்டி போன்ற உடம்பு. பழைய டீசல் எஞ்சின். நம் வயதுக்காரர்கள் சத்தமில்லாத சின்னக் கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன்.

"என்ன மச்சான், கண்ணாடியக் கையாலயா சுத்தணும்?"

"சுத்து. மோட்டர் இல்ல. இல்லாதது பழுதாக ஏலா."

உன் கணக்கு அப்படி. ஒரு வண்டியில் என்னென்ன இருக்கிறது என்று நீ பார்க்கவில்லை. நடுவழியில் எது கைவிடும் என்று பார்த்தாய். மலையைத் தாண்டிப் பல்லேகமப் பக்கம் மிளகு எடுக்கப் போகிறவனுக்கு அது நியாயமான கேள்வி. மூடுபனி. கூப்பிட ஆளில்லாத வளைவுகள்.

பிறகு என் அம்மாவின் சிறுநீரகங்கள் நின்றன.

வாரத்தில் இரண்டு நாள், புதனும் சனியும், மாத்தளை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து தார் வீதிக்கு ஏறும் பாதை உனக்குத் தெரியும். கல், சேறு, ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. மழை என்றால் எந்த ஆட்டோவும் கீழே இறங்காது. அம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினோம். லயமே வாசலில் நின்று பார்த்தது. நோயைவிட அந்த வெட்கம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

"போதும், விட்ருங்க. நாலு பேரு தோள்ல போறதுக்கு எனக்கு இன்னும் நாள் இருக்கு."

நான் உன்னிடம் உதவி கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அடுத்த புதன் விடியும்போது ஜீப் எங்கள் லயத்தின் முன் நின்றது.

முதல் பயணங்களில் அம்மா வாய் திறக்கவில்லை. இன்னொருத்தியின் பிள்ளையை அலைய வைக்கிறோம் என்பது முகத்தில் எழுதியிருந்தது. எப்போது வேண்டுமானாலும் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவார் எனப் பயந்துகொண்டே இருந்தேன்.

அப்புறம் அந்த மழை நாள்.

நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் இந்த வண்டியில் உள்ளேயிருக்கும் லீவரைத் தள்ளினால் மட்டும் போதாது. இறங்கி, முன் சக்கரம் ஒவ்வொன்றின் மையத்திலும் உள்ள திருகைக் கையால் பூட்ட வேண்டும். ஒன்று திறந்திருந்தாலும் மற்றது வீண். அன்று நீ இடப்பக்கத்தைப் பூட்டினாய். அம்மா பிளேன்டீ நீட்டினார். குடித்தாய். ஏதோ கதை சொல்லிச் சிரித்தாய். வலப்பக்கத்தை மறந்து ஏறிவிட்டாய்.

ஏற்றத்தின் பாதியில் பின் சக்கரங்கள் சேற்றில் சுற்றின. வண்டி வழுக்கிப் பின்னுக்குப் போனது.

"ஃபோர் போட்டுத்தானே ஈக்கிது..." என்று லீவரைப் பார்த்தாய்.

பின்னாலிருந்து அம்மா: "நாலும் இழுக்கும்னு சொன்னீங்களே தம்பி. ஒண்ணு லீவு போட்ருச்சா?"

நீ இறங்கிப் பார்த்தாய். மழையில் நின்று தலையில் அடித்துக்கொண்டாய்.

"ஒங்கட டீயாலதான் இது!"

"டீ குடுத்தது நானு. மறந்தது யாரு?"

அம்மா சிரித்தார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு.

"சரி, இனி இது ஒங்கட வேல," என்றாய். "ரெண்டு பக்கமும் பார்த்து சரின்னு நீங்க செல்லாட்டி நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

எடுக்கவும் இல்லை. ஒவ்வொரு முறையும் அம்மா கோலை ஊன்றி முன்பக்கம் சுற்றி வந்து குனிந்து பார்ப்பார். நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்பாய். வெயில் காலத்தில் பூட்டத் தேவையே இல்லை. அப்போதும் பூட்டினாய். "டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும். குடிச்சிட்டுப் போகட்டும்." தூக்கிச் செல்லப்பட்டவர் வண்டியைப் புறப்பட வைப்பவர் ஆனார். இதை நீ யோசித்துச் செய்தாயா, தெரியாது.

டீசலுக்கு வரிசை நின்ற மாதங்களில் மிளகு எடுக்கப் போவதை நிறுத்தினாய். கிடைத்த டீசல் அம்மாவுக்கு. வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. நீயும்தான்.

பிறகு ஒரு காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஒரு வாரத்துக்குள் நீ இல்லை.

உன் ஜனாஸா அடக்கத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓரமாக நின்றேன். யாரோ என் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்து மண் போட வைத்தார்கள்.

அடுத்த புதன் அம்மா புறப்படவில்லை. அடுப்பருகே உட்கார்ந்திருந்தார்.

"வேற வண்டி பேசியிருக்கேன்மா. ரோட்டுல நிக்குது."

"எனக்காக அந்தப் புள்ள அலைஞ்சது போதும். நீயும் அலையாத. விடுப்பா."

ஒரு முறை விட்டால் அடுத்த முறையும் விடுவார். அதற்கு என்ன பொருள் என்று இருவருக்கும் தெரியும்.

அப்போது சரிவில் அந்த எஞ்சின் சத்தம் கேட்டது.

உன் வாப்பா. அந்தப் பாதையில் எப்படி இறக்கினாரோ. தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றார்.

"இண்டைக்குப் புதன்தானே."

வாசலில் நின்றபடியே பேசினார்.

"புதனும் சனியும் மகன் இந்த வண்டிய ஒருத்தருக்கும் குடுக்க மாட்டான். எங்கட மகளப் பார்க்க மாப்புள வீட்டாக்கள் வந்தது ஒரு புதன். ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிட்டு வான்னு சென்னேன். ஏலா வாப்பான்னுட்டான். அவங்க ஆட்டோல வந்தாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு, கன நாள் அவனோட பேசல்ல."

எனக்கு அது தெரியாது. ஒரு புதன் நீ புதுச் சட்டையோடு வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. என்ன விசேஷம் என்று அம்மா கேட்டார். சும்மா என்றாய்.

அம்மா அசையவில்லை. வாப்பா முன் சக்கரத்தைப் பார்த்தார்.

"ஏறுறதுக்கு இதில என்னமோ பூட்டணுமாமே. எனக்குத் தெரியா. ஒங்களுக்குத்தான் தெரியும்னு மகன் செல்லுவான்."

அம்மா எழுந்து கோலைத் தேடி எடுத்தார். உங்கள் வீட்டு வழக்கப்படி அண்ணன் முறை வைத்து அவரைக் கூப்பிட்டார்.

"மொதல்ல இந்தப் பக்கம், நானா. திருகுங்க. இன்னும். ஆங். இப்ப அந்தப் பக்கம் ஓடுங்க."

"ஓடவா?"

"மழ வருதுல்ல."

ஓடினார். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டே ஓடினார். அம்மா பின்னாலேயே போய் இரண்டையும் குனிந்து பார்த்துவிட்டு, ஏறி உட்கார்ந்தார். வாப்பா சாவியை என் கையில் வைத்தார். "நீங்க ஓட்டுங்க மகன். மேல ஏத்த எனக்குத் தைரியம் இல்ல." அவர் அதைத் திரும்பக் கேட்கவே இல்லை. பிற்பாடு முறைப்படி வண்டியை என் பெயருக்கு மாற்றிக்கொண்டோம்.

செவ்வாயும் வெள்ளியும் மாலையில் எண்ணெய், தண்ணீர், டயர் பார்க்கிறேன். புதன்கிழமை என்னை எதற்கும் கூப்பிட வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். நீ ஒருவருக்கும் காரணம் சொல்லாமலே செய்தாய். எனக்கு அது இன்னும் வரவில்லை.

இப்போது பின் இருக்கையில் இன்னொருவரும் வருகிறார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், அம்மாவின் அதே நோய். ஆரம்பத்தில் வெகு முன்னதாகவே வந்து பாதையின் நடுவில் நின்று வளைவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஜீப்பைக் கண்டதும் அவர் தோள்கள் நிம்மதியில் இறங்குவதை ஓட்டும் இடத்திலிருந்தே பார்ப்பேன்.

இன்று வளைவில் திரும்பியபோது அவர் வீதிக்கு முதுகைக் காட்டி நின்றார். கடைக்காரப் பெண்ணோடு ஏதோ வாக்குவாதம். ஹார்ன் அடித்தேன். திரும்பவில்லை. இரு என்று கையை மட்டும் பின்னால் காட்டினார். "இந்தாளுக்குக் கொழுப்பப் பாரு," என்றார் அம்மா.

நான் எஞ்சினை அணைக்காமல் நின்றேன். வீதியைப் பார்க்காமல் ஒருவர் எனக்காகக் காத்திருக்கிறார். இதற்கு முன் யாரும் என்னை அப்படி நம்பியதில்லை. உன்னால்தான், மச்சான்.